இருபத்தாறாவது வரி

லேக் சலூடா பேஸ்பால் மைதானத்தில் மூன்றாவது பேஸுக்குப் பின்னால் இருக்கும் பதினான்காம் பகுதிக்கு யார் டிக்கெட் வாங்கி வந்தாலும், வெர்லீன் பிக்கெட்டின் துண்டைத் தாண்டித்தான் உட்கார முடியும். நாற்காலியில் ஈரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு தட்டுத் தட்டி, அழுத்தித் துடைத்துவிட்டு, "உக்காருங்க, நல்லாப் பாருங்க" என்பாள். இருபத்திரண்டு வருடமாக அதே பகுதி, அதே பச்சைச் சட்டை. காலையில் ஆரஞ்சுப் பழம் பெட்டி கட்டும் ஆலை. பிப்ரவரி மாதம் வடக்கேயிருந்து அணி வந்து இறங்கிவிட்டால் மத்தியானத்துக்கு மைதானம். இரண்டு இடத்திலும் நின்று நின்று, ஐம்பத்தைந்து வயதுக்குள் அவள் முழங்கால் கிழடு தட்டிவிட்டது.

இடம் காட்டுகிறவர்களுக்கு அங்கே இரண்டு கட்டளை. ஆட்டம் நடக்கும்போது உட்காரக் கூடாது. எவன் என்ன சாதித்தாலும் கை தட்டக் கூடாது. மற்றவர்கள் மேலாளர் தலை மறைந்ததும் இரண்டையும் காற்றில் பறக்க விடுவார்கள். வெர்லீன் விட்டதில்லை. ஒரு வருடம் தவறி வந்த பந்து அவள் தோளில் பட்டபோது "ஐயோ" என்றாளே தவிர உட்காரவில்லை என்று அந்தப் பகுதியில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள்.

அதனால்தான் வாளி அவள் பொறுப்புக்கு வந்தது. பெரிய விஷயமில்லை, பாப்கார்ன் வாளிதான். பயிற்சி முகாமுக்கு அறுபது எழுபது பேர் வருவார்கள். ஏப்ரலில் பெரிய ஆட்டங்கள் தொடங்கும்போது அணியோடு வடக்கே போகிறவர்கள் இருபத்தாறு பேர். மற்றவர்களின் அலமாரிகள் ஒவ்வொன்றாகக் காலியாகும். பதினான்காம் பகுதியின் முதல் வரிசைக்காரர்கள் முகாமின் கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் ஆளுக்கொரு சீட்டில் அந்த இருபத்தாறு பெயர்களை எழுதி வாளியில் போடுவார்கள். மறுநாள் அணி பட்டியலை வெளியிட்ட பிறகு, ஆட்டம் முடிந்ததும் கம்பித் தடுப்பின் அருகில் நின்று ஒவ்வொரு சீட்டாக உரக்கப் படிப்பார்கள். அதிகம் சரியாக எழுதியவருக்கு மற்றவர்கள் பீர் வாங்கிக் கொடுக்க வேண்டும். இந்த ஒரு டம்ளர் பீருக்காக அவர்கள் ஒரு மாதம் போடும் சண்டையைக் கேட்டால் சொத்துத் தகராறு என்றுதான் நினைக்கத் தோன்றும்.

சண்டைக்குத் தலைமை தாங்கியவர்கள் இரண்டு பேர். ஸ்டான் வொய்சிக், இரும்பாலையில் முப்பத்தைந்து வருடம் இருந்துவிட்டுக் குளிருக்குப் பயந்து தெற்கே வந்தவர். ஆலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை அவருக்கு. டாட்டி ஃபென்விக், பள்ளிக்கூடச் சமையலறையில் ஓய்வு பெற்றவள். மடியில் ஸ்கோர் நோட்டு, காதில் பென்சில். ஒரு பந்து விடாமல் குறித்து வைப்பாள். பதினைந்து வருடத்தில் இருவரும் எதிலும் ஒத்துப்போனது கிடையாது. ஆனால் ஒருவர் வரத் தாமதமானால் மற்றவர் பக்கத்து நாற்காலியில் பையை வைத்து இடம் பிடித்திருப்பார்.

அந்த வருடம் அவர்கள் வாயில் விழுந்தது வெர்லீனின் மகன் லமான்ட்.

இருபத்துநான்கு வயது, வலது கைப் பந்துவீச்சாளன். கீழ்மட்ட அணிகளில் ஐந்து வருடம் பஸ்ஸில் ஊர் ஊராக அலைந்தவனை முதன்முதலாகப் பெரிய முகாமுக்கு அழைத்திருந்தார்கள், அதுவும் சொந்த ஊரிலேயே. சட்டையில் எண்பத்தேழாம் நம்பர். அந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் அதன் அர்த்தம் தெரியும். நம்பர் பெரிதாக இருந்தால் பெட்டியை முழுதாகப் பிரிக்காதே என்று அர்த்தம். ஆனால் முதல் இரண்டு வாரத்தில் அவன் ஒன்பது இன்னிங்ஸ் வீசி ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை.

"எழுதி வச்சுக்க டாட்டி. பையன் வடக்க போறான்," என்றார் ஸ்டான்.

"எதை வச்சு எழுதச் சொல்ற?"

"பதினாலு பேரை நின்ன இடத்துலயே அவுட்டாக்கி அனுப்பியிருக்கான். இன்னும் என்ன, தண்ணி மேல நடந்து காட்டணுமா?"

"யார அனுப்புனான், அதைச் சொல்லு. ஏழாவது இன்னிங்ஸுக்கு மேல பேட்டைத் தூக்கிட்டு வர்றவன் எல்லாம் யாரு? எண்பத்தி மூணு, தொண்ணூத்தி ஒண்ணு, தொண்ணூத்தி நாலு. பாதிப் பேருக்குச் சட்டையில பேரே தைக்கல. ஏப்ரல்ல இவனுங்களா வந்து ஆடப் போறானுங்க?"

"பந்துக்கு நம்பர் படிக்கத் தெரியுமாக்கும்!"

"பந்துக்குத் தெரியாதுய்யா. பேட்டுக்குத் தெரியும்." டாட்டி திரும்பி வெர்லீனைப் பார்த்தாள். "நீ தப்பா எடுத்துக்காத வெர்லீன். உம்புள்ள தங்கம். இன்னும் ஒரு வருசம் கீழ ஆடி வரட்டும்ங்கிறேன், அவ்வளவுதான்."

"நான் என்னத்தச் சொல்றது மிஸ் டாட்டி. நான் துண்டு பிடிக்கிறவ."

"பாத்தியா, பெத்தவகூட வாயைத் திறக்க மாட்டேங்குறா," என்றார் ஸ்டான். "ராணுவ ரகசியம்!"

வாயைத் திறக்கவில்லையே தவிர, ஆசை அவளுக்கு நெஞ்சு கொள்ளாமல் இருந்தது. லமான்டின் அப்பா ராஸ்கோ, ஆரஞ்சு லாரி ஓட்டிக்கொண்டு ஜார்ஜியா பக்கம் போனவன், பையனுக்கு ஐந்து வயதாகும்போது அங்கேயே தங்கிவிட்டான். ஒன்பது வயதில் பையன் பந்தைச் சுவரில் எறிந்து எறிந்து வீட்டுச் சொந்தக்காரரிடம் திட்டு வாங்கினான். வெர்லீன் கொல்லையில் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். மைதானத்தில் யாரோ விட்டுப்போய், கேட்பாரில்லாமல் கிடந்த ஒரு கேட்சர் கையுறையை மாட்டிக்கொண்டாள். "சுவரு எதுக்கு, எங்கிட்ட போடு" என்றாள். எட்டு வருடம் போட்டான். ஒரு நல்ல பந்து உள்ளங்கையில் எந்த இடத்தில் சுடும், கோபத்தில் போட்ட பந்து எங்கே சுடும், காய்ச்சலோடு போட்டால் எப்படி இருக்கும் என்பதெல்லாம் அவள் கைக்குத் தெரியும். பதினேழு வயதில் அவன் பந்து அவளுடைய மோதிர விரலை மடக்கிப் போட்ட பிறகுதான் வாளியை உள்ளே எடுத்து வைத்தாள். விரல் இன்றைக்கும் நேராகவில்லை. அதை அவள் மறைப்பதும் இல்லை.

மூன்றாவது வாரம் லமான்டின் வேகம் குறைந்தது. முதல் வரிசை கொஞ்சமும் கலங்கவில்லை.

"கை செத்த வாரம்," என்றார் ஸ்டான்.

"அதேதான்," என்றாள் டாட்டி. "மார்ச் நடுவுல எல்லாருக்கும் வர்றது. குளிர்காலம் பூரா சும்மா இருந்த கை, திடீர்னு வேலை குடுத்தா கொஞ்ச நாள் மரக்கட்டை ஆயிரும். பத்து நாள்ல தானா சரியாப் போகும்."

அப்படித்தான் எல்லோருக்கும் வரும், அப்படித்தான் போகும். நாற்பது வருடம் பந்து பார்த்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் விஷயம் அது. பதினைந்து வருடத்தில் அவர்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயமும் அதுதான். அது தப்பாகிப் போனது. வெர்லீனும் அதையே நம்பினாள். யாராவது நல்லதாகச் சொன்னால் நம்பிவிடலாம் என்றுதான் அவள் மனம் காத்துக்கொண்டிருந்தது.

முகாம் காலத்தில் மகன் அவள் வீட்டில்தான் தங்கியிருந்தான். ஒருநாள் காலையில் காபிக் கோப்பையை அவன் இடது கையால் எடுத்ததைப் பார்த்தாள். மறுநாள் முட்டையையும் சோளக் கஞ்சியையும் இடது கையால் தின்றான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகும்போது சட்டைப் பொத்தானை இடது கையால் போட்டு, மேல் பொத்தான் வராமல் அப்படியே விட்டுவிட்டான். முகாமுக்கு ஒரே ஒரு நாள் விடுமுறை உண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்குக் காலையில் அந்தப் பழைய வாளியைக் கொண்டுபோய்க் கொல்லையில் கவிழ்த்தாள்.

"என்னம்மா இது, வயசான காலத்துல!"

"பத்துப் பந்து போடு."

"மொழங்கால் போயிரும் உனக்கு."

"எம்மொழங்கால நான் பாத்துக்கறேன். போடுடா."

மெதுவாகத்தான் போட்டான். ஆறு பந்து வரைக்கும் ஒன்றுமில்லை. ஏழாவது கையை விட்டுக் கிளம்பும்போதே முழங்கை கீழே இறங்கியதைப் பார்த்தாள். எட்டாவதில் இன்னும் இறங்கியது. வலிக்கிற இடத்துக்கு வழிவிட்டுக் கை தானாகச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. ஒன்பதாவது பந்து உள்ளங்கையின் ஓரத்தில், சுண்டுவிரலுக்குக் கீழே வந்து விழுந்தது. எட்டு வருடத்தில் ஒரு பந்துகூட அங்கே விழுந்ததில்லை. அவள் கையுறையைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"எத்தனை நாளா?"

"கை செத்த வாரம்மா. எல்லாருக்கும் வர்றது."

"லமான்ட்."

அவன் புல்லில் உட்கார்ந்துவிட்டான். "சுண்டு வெரலும் பக்கத்து வெரலும் மரத்துப் போகுது. ரெண்டு வாரமா."

"பிசியோகிட்ட சொல்லு. நாளைக்குக் காலையில முதல் வேலை அதான்."

"சொன்னா பட்டியல்லருந்து தூக்கிருவாங்க. கத்தி வைப்பாங்க, ஒன்றரை வருசம் போயிரும். எண்பத்தேழாம் நம்பருக்காக யாரும்மா காத்திருப்பா? இன்னும் பத்து நாள். வடக்க போய், ஒரே ஒரு பந்து போட்டாப் போதும். பெரிய ஆட்டத்துல ஆடினவங்க ஏட்டுல பேரு ஏறிரும். அதுக்கப்புறம் கை இருந்தா என்ன, போனா என்ன?"

"போனா என்னவா?"

"அம்மா, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லு." அவன் எழுந்து உள்ளே போய் அவளுடைய பைபிளையே எடுத்து வந்தான். "இது மேல கை வச்சுச் சொல்லு."

வெர்லீன் விளையாட்டுக்குக்கூடப் பைபிளைத் தொட்டு எதையும் சொன்னதில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். ஒன்பது வயதில் சுவரோடு நின்ற அதே முகம். கை வைத்துச் சொல்லிவிட்டாள். சொல்லியிருக்கக் கூடாது என்று அந்த நிமிடமே அவளுக்குத் தெரிந்தது.

அதற்கடுத்த ஆட்டத்தில் அவன் என்ன மாத்திரை விழுங்கினானோ, வேகம் திரும்பி வந்தது. பெரிய நம்பரெல்லாம் இல்லாத, நிஜமான பேட்டர்கள் மூன்று பேரை ஒரே இன்னிங்ஸில் வீழ்த்தினான். ஸ்டான் எழுந்து நின்று தொப்பியை ஆட்டினார்.

"என்ன டாட்டி! இவனுங்களும் தொண்ணூறாம் நம்பரா?"

டாட்டி நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "அது சரி. ஆனா ஸ்லைடர் ஒண்ணுகூடப் போடலயே? போன மூணு ஆட்டமா ஒண்ணையும் காணோம். மொத வாரம் அதை வச்சுத்தான அத்தன பேரை ஏமாத்தினான்?"

"ஒளிச்சு வச்சிருக்கான்! எல்லாத்தையும் மார்ச்லயே காட்டிட்டா ஏப்ரலுக்கு என்ன இருக்கு?"

"இருக்கும்," என்றாள் டாட்டி, பாதி மனசோடு. கைப்பிடிக் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்த வெர்லீன் துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள். கடைசி நொடியில் விலகி வளைகிற ஸ்லைடர், முழங்கையைத் திருகிப் போட வேண்டிய பந்து. அவனால் திருக முடியவில்லை. சொல்வதற்கு ஒரு வார்த்தை போதும், அதைத்தான் அவள் அடகு வைத்துவிட்டாள்.

கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் வாளி சுற்றி வந்தது. எல்லோரும் எழுதிப் போட்ட பிறகு டாட்டி இன்னொரு சீட்டை நீட்டினாள். ஸ்கோர் அட்டையின் பின்பக்கத்தைக் கிழித்து, ஒன்று முதல் இருபத்தாறு வரை நம்பர் போட்டு வரிகள் இழுத்திருந்தாள்.

"எனக்கு எதுக்கு மிஸ் டாட்டி? நான் வாளி பிடிக்கிறவ."

"இந்த வருசம் உம்புள்ள இருக்கான். நீ எழுதாம நாங்க எழுதுனா நல்லா இருக்காது."

"ஒரு வரிதான எழுதப்போற, மத்த இருபத்தஞ்சையும் பக்கத்துல பாத்துக் காப்பியடி!" என்றார் ஸ்டான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

அவள் படியில் நின்றபடியே, சுவரில் சீட்டை வைத்துக் கொட்டை எழுத்தில் எழுதினாள். இருபத்திரண்டு வருடம் பார்த்தவளுக்கு இருபத்தைந்து பெயர்கள் தடுமாற்றமில்லாமல் வந்தன. இருபத்தாறாவது வரியில் பென்சில் நின்றது. நாளைக்கு ஸ்டான் எல்லாச் சீட்டையும் உரக்கப் படிப்பார் என்பது அவளுக்குத் தெரியும். பிறகு சீட்டை நான்காக மடித்து வாளிக்குள் போட்டு, மூடியை அழுத்தினாள்.

மறுநாள் காலை பட்டியல் வந்தது. லமான்ட் பிக்கெட் வடக்கே போகிறான். எண்பத்தேழை வாங்கிக்கொண்டு முப்பத்தெட்டாம் நம்பர் போட்ட புதுச் சட்டையைக் கொடுத்திருந்தார்கள். மத்தியானம் பதினான்காம் பகுதியில் முன்பின் தெரியாதவர்கள்கூட வெர்லீனைக் கட்டிக்கொண்டார்கள். டாட்டி அழுதேவிட்டாள். வெர்லீன் எல்லோருக்கும் நன்றி சொன்னாள், எல்லோருடைய நாற்காலியையும் துடைத்தாள்.

ஆட்டம் முடிந்ததும் லமான்ட் புதுச் சட்டையோடு கம்பித் தடுப்புக்கு வந்தான். ஆட்கள் நீட்டிய பந்துகளில் கையெழுத்துப் போட்டான். எழுத்து கோழி கிளறியதுபோல இருந்தது. அவனுக்குப் பின்னால், தூரத்தில், விமான நிலையத்துக்குப் போகும் பஸ் என்ஜினை ஓடவிட்டு நின்றது. ஸ்டான் வாளியைக் கம்பிமேல் வைத்து ஒவ்வொரு சீட்டாகப் பிரித்தார். "ஸ்டான் வொய்சிக், லமான்ட் பிக்கெட் உண்டு! டாட்டி ஃபென்விக்... அடேயப்பா, டாட்டி, நீயுமா எழுதியிருக்க?"

"வெர்லீனுக்காக எழுதினேன். உனக்காக இல்ல."

சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த சீட்டைப் பிரித்தார். கொட்டை எழுத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "பெத்தவ சீட்டு!" என்று படிக்க ஆரம்பித்தார். படித்துக்கொண்டே போனவர் கடைசிக்கு வந்து நின்றுவிட்டார். சீட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா... உம்பையன் பேரு இதுல இல்லயே."

லமான்ட் தடுப்புக்கு மேலே கையை நீட்டிச் சீட்டை வாங்கினான். இடது கையை. வெர்லீன் படியில் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"எழுதலயாம்மா?"

"எழுதல."

"ஏன்?"

"சொல்ல மாட்டேன்னு சொல்லியிருக்கேன். சொல்லல. பொய்யும் எழுத முடியல எனக்கு."

அவன் சீட்டைப் பார்த்தான். இருபத்தைந்து வரிகளில் பெயர்கள். இருபத்தாறாவது வரி காலி. வேறு யார் பெயரையும் அவள் அங்கே எழுதியிருக்கவில்லை. டாட்டி அவனுடைய இடது கையையும், பந்துகளில் இருந்த கோணல் கையெழுத்தையும் பார்த்துவிட்டு, மடியிலிருந்த நோட்டை மூடினாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

அவன் சீட்டைக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தான். பஸ் வலப்பக்கம் நின்றது. இடப்பக்கம் பிசியோவின் அறைக் கதவு. நடுவில் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு இடப்பக்கம் போனான். பஸ் அவனுக்காகப் பத்து நிமிடம் காத்திருந்துவிட்டுக் கிளம்பியது. வெர்லீன் அன்றைக்குத்தான், இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக, பதினான்காம் பகுதியில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

முழங்கைத் தசைநார் முக்கால்வாசி கிழிந்திருந்தது. இன்னும் பலமாக இருபது பந்து போட்டிருந்தால் நரம்பும் சேர்ந்து போயிருக்கும், விரல்கள் திரும்பியிருக்காது என்றார் மருத்துவர். கத்தி வைத்தார்கள். ஒன்றரை வருடம் ஆனது. கை குணமானது, பழைய வேகம் வரவில்லை. அடுத்த இலையுதிர் காலத்தில் அணி அவனை விடுவித்தது. பெரிய ஆட்டத்தில் அவன் ஒரு பந்துகூடப் போடவில்லை. ஒரே ஒரு பந்து போட்டவனுக்கும் பேரேட்டில் ஒரு வரி உண்டு, அது யாராலும் அழிக்க முடியாத வரி. லமான்ட் பிக்கெட்டுக்கு அதில் வரி கிடையாது.

இப்போது அவன் அதே மைதானத்தில் புல் பராமரிக்கிற வேலை பார்க்கிறான். முதல் வரிசையில் சண்டை இன்னும் ஓயவில்லை. புதுப்பையன் எவனாவது வந்தால் அவனைப் பற்றித் தொடங்கி, சுற்றிச் சுற்றி இங்கேயே வந்து நிற்கும்.

"ஒரு பந்து போட்டிருப்பான்," என்பார் ஸ்டான், சத்தத்தைக் குறைத்து. "பேரு ஏறியிருக்கும்."

"கை போயிருக்கும்," என்பாள் டாட்டி.

"கை செத்த வாரம்னு நாமளும்தான சொன்னோம்."

"சொன்னோம்," என்பாள் டாட்டி. வெர்லீன் வாளி பிடிப்பதை விட்டுவிட்டாள்.

போன மார்ச்சில் அணிக்கு விடுமுறை நாளன்று லமான்ட் தானாகவே அந்தப் பழைய பிளாஸ்டிக் வாளியைக் கொல்லைக்கு எடுத்து வந்து கவிழ்த்தான். அவள் உட்கார்ந்தாள். கையுறையின் தோல் விரிசல் விட்டிருந்தது. அவன் மெதுவாக ஐந்தாறு பந்து போட்டான். முழங்கை சரியான உயரத்தில் இருந்தது.

"ஒரு பந்தாவது போட்டிருக்கலாம்மா," என்றான் பந்தைப் பார்த்துக்கொண்டே.

கோபமில்லை குரலில். கோபமிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தெரியும்," என்றாள்.

"நீ செஞ்சது தப்புன்னு சொல்லல."

"தெரியும்டா."

அவன் அடுத்ததைப் போட்டான். பந்து நேராக, எங்கே விழ வேண்டுமோ அங்கே வந்து விழுந்தது. உள்ளங்கை சுடவில்லை. அவள் பந்தை எடுத்துத் திருப்பி எறிந்தாள்.

"இன்னொண்ணு போடு," என்றாள்.